பிரைட்டன் மொழிப்பள்ளி: திங்கள் மாலையும் சனிக்கிழமையும்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டனுக்கு ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை பள்ளியில் சேருவார்கள். காலையில் நிலைத் தேர்வு, அப்புறம் ஊர் சுற்றிப் பார்ப்பது. ஒருவர் இரண்டு வாரம் இருப்பார், இன்னொருவர் ஆறு மாதம். வெள்ளிக்கிழமை ஒரு கூட்டம் சான்றிதழோடு கிளம்பிவிடும். இப்படி வாராவாரம் ஆள் மாறும் இடத்தில், முதல் இரண்டு நாளில் சிநேகம் பிடிக்காதவர் தன் நாட்டுக்காரரைத் தேடிப் போய்விடுவார். அப்புறம் அவருக்கு ஆங்கிலம் என்பது வகுப்பு நேரத்தோடு சரி. மாலை நிகழ்ச்சிகளும் சனிக்கிழமைப் பயணங்களும் இதை உடைக்கத்தான் இருக்கின்றன. எந்த ஊருக்குப் போகிறோம் என்பதைவிட, யார் பக்கத்தில் யார் நடக்கிறார் என்பதற்குத்தான் ஏற்பாட்டாளர் அதிகம் மெனக்கெட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

திங்கள் மாலை நடையையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பேரை ஒரே வரிசையாகக் கூட்டிப்போனால் முன்னால் போகிற ஐந்து பேருக்குத்தான் பேச்சு கேட்கும். பின்வரிசை தானாகவே நாடு நாடாகப் பிரிந்துவிடும். நால்வர் குழுதான் சரியான அளவு. மூவர் என்றால் இருவர் பேச, கூச்சப்படுகிற ஒருவர் ஒதுங்கிவிடுவார். ஆறு பேர் நடைபாதையில் சேர்ந்து நடக்கவே முடியாது, இரண்டாகப் பிளந்துவிடுவார்கள். பிரிப்பதற்கு ஒரு சீட்டுக்கட்டு போதும். ஒவ்வொரு எண்ணிலும் நான்கு சீட்டு இருப்பதால் 28 பேருக்கு ஏழு எண்களை எடுத்தால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் கலைத்துப் போட்டுக் கொடுத்தால் மூன்று துருக்கியர் ஒரே குழுவில் விழுந்துவிடுவார்கள். முன்கூட்டியே பெயர்ப் பட்டியலைப் பார்த்து, ஒரே தாய்மொழிக்காரர் கையில் வெவ்வேறு எண் போகும்படி சீட்டுகளை அடுக்கிவைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் செலவிட்டால் அந்த வாரம் முழுக்கப் பலன் தெரியும்.

குழுவுக்கு ஒரு தாள், அதில் ஐந்து கேள்வி. செல்போனில் தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி கேள்வி வைத்தால் நான்கு பேரும் தலை குனிந்து திரையைப் பார்ப்பார்கள். ஆளிடம் கேட்டால்தான் விடை சுவையாக இருக்கும் என்கிற மாதிரி கேட்க வேண்டும். கடற்கரைக் கடைகளில் ‘ராக்’ என்ற இனிப்புக் குச்சி விற்கிறார்கள். எங்கே கடித்தாலும் உள்ளே ஊரின் பெயர் தெரியும். எப்படி என்று கடைக்காரரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். வண்ணச் சர்க்கரைப் பாகுப் பட்டைகளால் எழுத்துகளை அமைத்து, தடித்த உருளையாகச் சுருட்டி, சூடு ஆறும் முன் மெல்லிய குச்சியாக இழுக்கிறார்கள் என்பதை அரைகுறை ஆங்கிலத்தில் விளங்கிக்கொண்டு வந்து நடித்துக் காட்டும்போது நால்வரும் சிநேகிதர்கள் ஆகியிருப்பார்கள். 1975-இல் மூடப்பட்டு 2003-இல் தீப்பிடித்து இரும்பு எலும்புக்கூடாக நிற்கும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய மேற்குப் பாலம் (வெஸ்ட் பியர்), 1883 முதல் கடற்கரையோரம் ஓடும் குட்டி மின்சார ரயில் என மற்ற கேள்விகளுக்கும் கரையிலேயே சரக்கு இருக்கிறது.

நேரம் எழுதுவதில் ஒரு பெரிய வழுக்கல் உண்டு. ‘ஹாஃப் செவன்’ என்று ஆங்கிலேயர் சொன்னால் ஏழரை. ஜெர்மானியரும் டச்சுக்காரரும் தங்கள் மொழி வழக்கப்படி அதை ஆறரை என்று எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து குளிரில் நிற்பார்கள். வாட்ஸ்அப் செய்தியில் எப்போதும் 19:30 என்று எண்ணில் எழுதுங்கள். கூடுமிடத்தின் புகைப்படம், பேருந்துக்கு 15 நிமிடம் முந்தைய நேரம், திரும்பும் நேரம், மொத்தச் செலவு, எடுத்துவர வேண்டியவை ஆகிய ஐந்தும் ஒரே செய்தியில் இருக்க வேண்டும். வீட்டாரோடு தங்கும் மாணவர்களுக்கு மாலை ஆறு, ஏழு மணிக்கெல்லாம் சாப்பாடு மேசைக்கு வந்துவிடும். வரத் தாமதமாகும் என்றால் மதியத்துக்குள் சொல்லச் சொல்லுங்கள். சமைத்துவைத்துக் காத்திருக்கும் வீட்டம்மாவின் மனத்தாங்கல் அந்த மாணவரின் மிச்ச வாரங்களைக் கெடுத்துவிடும். முழுக்க இலவசம் என்று அறிவிக்கும் நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராமல் போகிறவர்கள் அதிகம். இரண்டு பவுண்டு முன்பணம் வாங்கினாலே இது குறையும்.

கடலைப் பற்றி முதல் நாளே பேசிவிட வேண்டும். மெரினா மணலை நினைத்து வருகிறவருக்கு பிரைட்டன் கரை அதிர்ச்சி. முழுக்கக் கூழாங்கல். வெறுங்காலில் பத்தடி நடக்க முடியாது, பழைய காலணி ஒரு ஜோடி வேண்டும். அதைவிட முக்கியம், கரை சட்டென்று சரிகிறது. கடல் ஏறியிருக்கும்போது இரண்டு எட்டு வைத்தால் ஆழம். அலை பின்வாங்கும்போது காலுக்கடியில் கற்கள் உருளும், எழுந்து நிற்பதற்குள் அடுத்த அலை மேலே விழும். நன்றாக நீந்தத் தெரிந்தவரும் கரையேற முடியாமல் திணறுவது இங்கேதான்.

குளிர் இன்னொரு பக்கம். பிப்ரவரியில் நீர் 8, 9 டிகிரி. ஆகஸ்டில்கூட 18-ஐ ஒட்டித்தான். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென்று குதித்தால் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இருக்காது, வாயைத் திறந்து இழுக்கும், தண்ணீர் உள்ளே போகும். விழுந்துவிட்டால் உடனே நீந்த முயல வேண்டாம். மல்லாந்து, காது நனைய, கைகால் பரப்பி மிதக்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் மூச்சு அடங்கும், பிறகு கூப்பிடலாம், நீந்தலாம். இதை வகுப்பிலேயே சொல்லிப் பழக்குங்கள். சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும், முழுச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. அவசரத்துக்கு 999. ‘கோஸ்ட்கார்டு’ (கடலோரக் காவல்) என்று கேட்க வேண்டும். போலீஸ் என்று கேட்டால் அங்கிருந்து மாற்றிவிடுவதற்குள் நேரம் போய்விடும்.

சனிக்கிழமை என்றால் எல்லோரும் கேட்பது ‘செவன் சிஸ்டர்ஸ்’. கிழக்கே வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் சுவர்போல எழுந்து நிற்கும் இடம். பெயர் ஏழு சகோதரிகள், ஏறி இறங்கி எண்ணினால் எட்டு மேடு வரும். சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை முழுதாக நடந்தால் 22 கிலோமீட்டர், இடைவேளையோடு எட்டு மணி நேரம் பிடிக்கும். கலவையான மாணவர் குழுவுக்கு அது அதிகம். எக்ஸீட்டில் தொடங்கி பர்லிங் கேப்பில் முடித்தால் ஏறக்குறைய 6 கிலோமீட்டர், நிதானமாக இரண்டரை மணி நேரம். முதல் மேடே 77 மீட்டர் என்பதால் கால் அப்போதே விழித்துக்கொள்ளும்.

12-ஆம் எண் பேருந்து பிரைட்டன் நடுவிலிருந்தே போகிறது, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முப்பது பேரும் ஒரே நிறுத்தத்தில் நின்றால் கோடைச் சனிக்கிழமையில் பாதிப் பேருக்குத்தான் இடம் கிடைக்கும். இரண்டு குழுவாக, இரண்டு பேருந்தில், ஒவ்வொன்றிலும் ஒரு பொறுப்பாளர் என்று அனுப்புங்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்தின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. எக்ஸீட் என்ற உச்சரிப்பு எழுத்தில் பார்த்தால் பிடிபடாது.

இங்கே அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று. புகைப்படங்களில் வருகிற காட்சி, முன்னால் கடலோரக் காவலர் குடிசைகள், பின்னால் வரிசையாக வெள்ளைப் பாறைகள், அது கக்மியர் ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து, சீஃபோர்டு பக்கத்திலிருந்து தெரிவது. பாறைகள்மேல் நடக்கிற பாதையோ கிழக்குக் கரையில். இரண்டுக்கும் நடுவே ஆறு. முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. எக்ஸீட் பாலம் வரை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் திரும்பி வந்து, மறு கரையில் அதே தூரம் போக வேண்டும். கடல் வற்றியிருக்கும்போது முழங்காலளவு நீரில் கடந்துவிடலாம் என்று தோன்றும். இழுப்பு பலமாக இருக்கும், கடக்க விடாதீர்கள். படமா, நடையா என்று வெள்ளிக்கிழமையே முடிவு செய்துவிடுங்கள். இரண்டும் என்றால் சீஃபோர்டில் தொடங்கி, பாலம் வழியாகச் சுற்றி, கூடுதலாகப் பல கிலோமீட்டர் நடக்கத் தயாராக வேண்டும்.

பாறைக்கு அடியில் மணலும் கல்லுமாக ஒரு கரை தெரியும், அதன் வழியே போனால் ஏறி இறங்காமல் பர்லிங் கேப் சேரலாமே என்று யாராவது கேட்பார்கள். கூடாது. நடுவில் மேலே ஏற வழியே இல்லை. கடல் ஏறும்போது அலை பாறையின் அடி வரை வந்துவிடும். இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 6 மீட்டர் வரை இருக்கும். கடல் ஏறும், வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை பார்க்கிறவர்களும் ஏமாறுவது ஒரு மணி நேரத்தில். சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்தையே தருகின்றன. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஊர்க் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடுகிறது. அட்டவணையில் 14:10 என்றால் கையில் உள்ள கடிகாரத்தில் 15:10. எந்த நேரத்தில் போட்டிருக்கிறார்கள் என்று மேலே பொடி எழுத்தில் இருக்கும், அதை முதலில் படியுங்கள்.

மேலே நடக்கும்போது விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நடப்பது என் கணக்கு. சுண்ணாம்புப் பாறை மழைநீரைக் குடித்து உள்ளுக்குள் விரிசல் விடும், முன்னறிவிப்பு இல்லாமல் பாளம் பாளமாக விழும். நிற்கிற இடத்துக்குக் கீழே பாறை குடைந்துபோய் வெறும் புல்லும் மண்ணும் நீட்டிக்கொண்டிருப்பது மேலிருந்து தெரியவே தெரியாது. துள்ளிக் குதித்துப் படம் எடுக்கும் ஆசையைப் பேருந்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் பாதை, குழைத்த சுண்ணாம்பு மாதிரி காலணியின் பள்ளங்களை அடைத்துவிடும். அடிப்பாகம் வழவழப்பாகி இறக்கத்தில் வழுக்கும். வழியில் கடை இல்லை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். பர்லிங் கேப்பில் கழிப்பறையும் சிற்றுண்டிக் கடையும் உண்டு. அங்கிருந்து பேருந்து எல்லா நாளும் கிடையாது. கிடைக்காவிட்டால் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே நடந்து ஈஸ்ட் டீன் போனால் அதே 12-ஐப் பிடிக்கலாம். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், அந்த மாதம் நடையைக் காலையிலேயே தொடங்கிவிடுங்கள்.

இந்த நடையில் பேச்சுக்கு நல்ல வழி நாய்கள்தான். தெருவில் அந்நியரிடம் வாய் திறக்காத ஆங்கிலேயர், மேட்டில் நாயோடு வரும்போது நின்று பேசுவார். ‘உங்கள் நாயின் பெயர் என்ன, என்ன வயது’ என்று இரண்டு கேள்வி சொல்லிக் கொடுங்கள். அடுத்த ஐந்து நிமிடம் அவரே பேசிக்கொண்டிருப்பார், நம் மாணவர் தலையாட்டியே நிறையக் கேட்டுவிடுவார்.

லண்டன் பயணத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ரயிலில் ஒரு மணி நேரம். சீட்டில் மட்டும் கவனம் வேண்டும். மலிவாகக் கிடைப்பது, தேம்ஸ்லிங்க் என்ற ரயில் சேவைக்கு மட்டும் செல்லும் ‘தேம்ஸ்லிங்க் மட்டும்’ என்று அச்சிட்ட சீட்டாக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு லண்டன் விக்டோரியா நிலையத்துக்குப் போகும் சதர்ன் என்ற வேறு சேவையின் ரயிலில் ஏறினால் அது செல்லாது. அபராதம் 100 பவுண்டு, அதோடு பயணக் கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் 50. நெரிசல் இல்லாத நேரத்தில் 3 முதல் 9 பேர் சேர்ந்து போனால் மூன்றில் ஒரு பங்கு கழிவு உண்டு. ஆனால் போகும்போதும் வரும்போதும் எல்லோரும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒருவர் கடைவீதியில் தங்கிவிட்டால் கழிவு போயிற்று.

மீனும் சிப்ஸும் வாங்கப் போகும்போது, உருளைக்கிழங்கை எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பு. சைவம் சாப்பிடுகிறவரும் இந்துக்களும் முஸ்லிம்களும் இருக்கும் குழுவில் சாப்பிட்டபின் தெரிவது கொடுமை. இருபது பொட்டலம் வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்பே தொலைபேசியில் சொல்ல வேண்டும். வெளியே சாப்பிடும்போது முதுகைச் சுவரோடு ஒட்டி நில்லுங்கள், கடல்புறா பின்னாலிருந்துதான் பாயும். அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தயங்கும். பப்பில் மேசைக்கு யாரும் வர மாட்டார்கள், கவுண்டரில் போய்த்தான் கேட்க வேண்டும். மது வாங்க 18 வயது, இளமையாகத் தெரிந்தால் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். குடிக்காதவர் ‘லைம் அண்ட் சோடா’ கேட்டால் மலிவு, யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

ஊருக்கு நடுவில் வெங்காயக் குவிமாடங்களோடு நிற்கும் ராயல் பெவிலியனை வெளியிலிருந்து படம் பிடித்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். 1914 முதல் 1916 வரை அது காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களின் மருத்துவமனை. சாதி, மத வழக்கங்களுக்கு ஏற்ப ஒன்பது சமையலறைகள் அமைத்தார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். அதன் தெற்கு வாயில் 1921-இல் இந்தியா தந்த நன்கொடை. நம் ஊர் மாணவர் குழுவில் இருந்தால், வழிகாட்டி பேசுவதைவிட அவரையே அந்த வாயிலின் அருகில் நின்று ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். முந்தின நாளே சொல்லிவிட்டால் தயார் செய்துகொண்டு வருவார்.

பிரைட்டனில் இருந்த இந்தியச் சிப்பாய்களின் மருத்துவமனைகளில் இறந்த 53 இந்து, சீக்கிய வீரர்களின் உடல்களை ஊருக்கு வெளியே மேட்டில் எரியூட்டினார்கள். அங்கே வெண்பளிங்கில் எழுப்பிய சத்ரி என்ற நினைவு மண்டபத்தை 1921 பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள். வாகனம் போகாது. பேட்சம் வரை நகரப் பேருந்தில் போய், அங்கிருந்து மேய்ச்சல் நிலங்கள் வழியே முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு மரக்கதவையும் கடைசி ஆள் தாழிட வேண்டும், இல்லையென்றால் ஆடுகள் சாலைக்கு இறங்கிவிடும். அந்தக் கடைசி ஆளை ஏறத் தொடங்கும் முன்பே பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள். மேலே போனதும் தலை எண்ணுங்கள், இறங்கும் முன் இன்னொரு முறை. நடுவே ஒரு கால் மணி நேரம் பேசாமல் உட்கார விடுங்கள். அங்கே கல்லில் ஆங்கிலத்தோடு இந்தியும் பஞ்சாபியும் உருதுவும் பொறித்திருக்கிறார்கள். எந்த வரி எந்த மொழி என்று யாராவது ஒருவர் கேட்கத் தொடங்குவார், தெரிந்தவர் வாசித்துக் காட்டுவார்.