இருட்டில் கப்பலின் முகம் எந்தப் பக்கம்?

சென்னைக் கடற்கரையிலிருந்து இரவில் பார்க்கும்போது மிகப் பளிச்சென்று ஒளிரும் கப்பல், பெரும்பாலும் நகராமல் நிற்கும் கப்பல்தான். துறைமுகத்தில் இடம் கிடைப்பதற்காக வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள், 100 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுடையவையாக இருந்தால், நங்கூர விளக்குகளோடு மேல்தள விளக்குகளையும் எரியவிட வேண்டும் என்பது விதி. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலோ தனக்கு உரிய சில விளக்குகளை மட்டும் ஏற்றி, மற்றவற்றை இயன்றவரை அணைத்துவிட்டுச் செல்கிறது. அதைச் செலுத்துபவரின் கண்கள் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும், அந்தச் சில விளக்குகளும் வேறு வெளிச்சத்தில் கரைந்துவிடக் கூடாது. ஆகவே மெரினாவில் அமர்ந்து கடலை நோக்குபவர், மங்கலாகத் தெரியும் புள்ளிகளைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

2017 ஜனவரி 28 விடியுமுன் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்னும் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதும், கரையில் ஒதுங்கிய எண்ணெய்க் கசடை மக்கள் வாளிகளில் அள்ளியதும் நமக்கெல்லாம் நினைவிருக்கும். அந்த விபத்தின் காரணங்களை ஆராய்வது என் நோக்கமன்று. ஆனால் இவ்வளவு பெரிய கடலில், இருட்டில், ஒரு கப்பல் மற்றொன்றின் போக்கை எப்படி அறிகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. ரேடாரும் பிற கருவிகளும் இன்று இருக்கின்றன என்றாலும், கண்ணால் காணும் விளக்கை அவை நீக்கிவிடவில்லை. இந்தியா உட்படப் பெரும்பாலான கடல்சார் நாடுகள் ஏற்றுள்ள, 1972-இல் வகுக்கப்பட்டு 1977 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளில் விளக்குகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு.

அதன் அடிப்படை இதுதான். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்புறம் வெள்ளை, பாய்மரத்தாலன்றி இயந்திரத்தால் ஓடுவதாயின் உயரத்தில் முன்னோக்கிய இன்னொரு வெள்ளை. விமானங்களின் இறக்கை நுனிகளிலும் இதே சிவப்பும் பச்சையும் இதே பக்கங்களில்தான் இருக்கின்றன. நிறங்களைவிட எனக்கு வியப்பளிப்பவை கோணங்கள். பக்க விளக்கு ஒவ்வொன்றும் நேர்முன்னிருந்து தன் பக்கமாக 112.5 டிகிரி வரை மட்டுமே தெரியும்படி மறைக்கப்பட்டிருக்கும். பின்விளக்கு 135 டிகிரிக்குத் தெரியும். மூன்றையும் கூட்டினால் சரியாக 360. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் ஏதேனும் ஒன்று கண்ணில் படும்; எது படுகிறது என்பதே நாம் அந்தக் கப்பலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடும்.

112.5 என்ற அந்த எண் தற்செயலாக வந்ததன்று. கப்பலின் நேர்ப்பக்கவாட்டுக்கு 90 டிகிரி போக மீதமுள்ள 22.5 டிகிரி, பின்னோக்கிச் செல்லும் பகுதி. அந்த எல்லையைத் தாண்டிப் பின்னாலிருந்து நெருங்கும் கப்பலை ‘முந்துகின்ற கப்பல்’ என்று விதி வரையறுக்கிறது. முந்துபவர்தான் விலகிச் செல்ல வேண்டும். அதே கோட்டில்தான் பச்சையோ சிவப்போ மறைந்து வெள்ளைப் பின்விளக்கு தோன்றுகிறது. எனவே, நான் குறுக்கே வருகிறேனா முந்துகிறேனா என்று கணக்கிட வேண்டிய தேவையே இல்லை. எதிரில் வெள்ளைப் பின்விளக்கு மட்டும் தெரிந்தால் நான் முந்துகிறேன், விலகும் பொறுப்பு என்னுடையது. சட்டத்தின் எல்லைக்கோட்டை விளக்கின் மறைப்பிலேயே செதுக்கி வைத்த இந்தச் சிந்தனையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

குறுக்கே வருவதிலும் இதே தெளிவைக் காணலாம். இயந்திரக் கப்பல்கள் இரண்டு ஒன்றையொன்று குறுக்கிட நேர்ந்தால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்பதே வழிவிட வேண்டும். என் வலப்பக்கத்தில் இருந்து என் பாதையைக் குறுக்கிடுபவர் தம் இடப்பக்கத்தைத்தான் எனக்குக் காட்டுவார். ஆகவே எனக்குத் தெரிவது சிவப்பு, நான் விலக வேண்டும். அவருக்குத் தெரிவது என் பச்சை. அவர் தம் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் வரலாம். சிவப்பும் பச்சையும் ஒருசேர நேர் எதிரே தெரிந்தால் இருவருமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். அந்த ஒளி இருக்கும் திசை சற்றும் மாறாமல், நெருங்கி மட்டும் வருமானால், மோதல் அபாயம் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

சென்னைக்காரர்களுக்கு இதைப் பழகிப் பார்க்க எளிய வழி உண்டு. நம் கடல் கிழக்கே இருப்பதால், தெற்கு நோக்கிச் செல்லும் கப்பல் நமக்குப் பச்சையையும், வடக்கே எண்ணூரை நோக்கிச் செல்வது சிவப்பையும் காட்டும். பெரிய கப்பல்களின் பக்க விளக்கு குறைந்தது 3 கடல் மைலுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் விதி. அதற்கு அப்பாலிருந்தால் தொலைநோக்கி தேவைப்படும். உயரத்து வெள்ளை விளக்குக்கோ 6 கடல் மைல். 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ளவை அத்தகைய விளக்கு இரண்டை, முன்னது தாழவும் பின்னது உயரவும் ஏற்றும். அவை ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கப்பல் நம்மை நோக்கி வருகிறது. தாழ்ந்தது எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கம் திரும்புகிறது.

காசிமேட்டு விசைப்படகுகள் இழுவலை போடும்போது வேறு விளக்குகள் உண்டு: மேலே பச்சை, கீழே வெள்ளை, இரண்டும் சுற்றிலும் தெரிபவை. மற்ற வலைகளை விரித்திருப்போர் மேலே சிவப்பு, கீழே வெள்ளை ஏற்ற வேண்டும். வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தால் அது கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை. இவ்விளக்குகளைக் காணும் சரக்குக் கப்பல் விலகிச் செல்லக் கடமைப்பட்டது. மீனவரின் உரிமையை மாலுமிக்கு அறிவிக்கும் விளக்குகள் இவை என்பதால், இவற்றை ஏற்றுவதை வெறும் சம்பிரதாயமாகக் கருதக் கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

என் கவலை ஃபைபர் படகுகளைப் பற்றியது. ஃபைபர் உடல் ரேடாரில் சரியாகத் தெரியாது. உயரத்திலிருந்து பார்க்கும் மாலுமிக்கு அலைகளுக்கிடையே அது கண்ணில் படுவதும் அரிது. 12 மீட்டருக்குக் குறைவான இயந்திரப் படகுக்கு விதி கேட்பது சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும் பக்க விளக்குகளும்தான். வேலைக்காகக் கட்டும் பளீரென்ற எல்.இ.டி. விளக்கு அவற்றுக்கு ஈடாகாது. படகு இருப்பதை மட்டும் அது சொல்லும், எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்லாது. அருகிலிருக்கும் சிவப்பையும் பச்சையையும் கண்ணுக்குத் தெரியாமலும் ஆக்கிவிடும்.

பக்க விளக்குகளைச் சரியாகப் பொருத்தியிருக்கிறோமா என்று மணலிலேயே சோதிக்கலாம். படகைக் கரையேற்றிய இரவில் விளக்குகளை எரியவிட்டு, படகின் முன்முனையான அணியத்துக்கு நேரே பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்றால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிய வேண்டும். படகைப் பார்த்தபடியே நம் வலக்கைப் பக்கம் ஓரிரு அடி நகர்ந்தால் பச்சை மறைந்து சிவப்பு மட்டும் நிற்க வேண்டும், இடக்கைப் பக்கம் நகர்ந்தால் அதற்கு நேர்மாறாக. மறையாவிட்டால், விளக்குக்கும் படகின் நடுக்கோட்டுக்கும் இடையே மங்கலான கறுப்புப் பூச்சு பூசிய பலகைத் துண்டு ஒன்றை முன்பக்கம் சற்று நீட்டிப் பொருத்தினால் போதும்.