கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதா? புரை அறுவைக்கு நாள் குறிக்கும் முன் கண்ணீர்க் குழாயைச் சோதிக்கச் சொல்லுங்கள்

அம்மாவின் இடது கண்ணில் கண்புரை அறுவை சிகிச்சை சென்ற வாரம் நல்லபடியாக முடிந்தது. பல மாதங்களுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது அது. சில நிமிடங்களில் செய்துவிடக்கூடிய ஒரு சோதனையை உரிய நேரத்தில் யாரும் செய்யாததால்தான் இத்தனை அலைச்சலும் செலவும். வீட்டுப் பெரியவர்களுக்குப் புரை அறுவை செய்யவிருப்பவர்கள், அதிலும் அந்தக் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டுப் போவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அந்தக் கண்ணில் நீர் வடிவது நெடுநாள் தொல்லை. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துக் கீழிமை சிவந்து, தோல் தடித்துப் போயிருந்தது. காலையில் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஊரில் உள்ள தனியார் கண் மருத்துவமனையில் இதை இமையோர அழற்சி என்றும் கண் உலர்வு என்றும் சொல்லி, வெந்நீர் ஒத்தடமும் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள். அந்த நோய்களுக்கு அது சரியான வைத்தியம்தான். இமை விளிம்பில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டால் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உலர்ந்துவிடும். அந்த எரிச்சலில் கண் மேலும் நீரைச் சுரக்கும். ஆனால் அம்மாவுக்கு ஒத்தடத்தால் இமையின் பொருக்கு குறைந்ததே தவிர, நீர் நிற்கவில்லை. அதற்கு வேறு காரணம் உண்டா என்று அங்கே யாரும் பார்க்கவும் இல்லை.

இதற்கிடையில் பழைய சீட்டை வைத்தே மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து தொடர்ந்து கிடைத்துவந்தது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. மருத்துவர் கண்காணிப்பின்றி நெடுநாள் போட்டால் அது கண்ணின் அழுத்தத்தைக் கூட்டும், புரையையும் வளர்க்கும். அம்மாவுக்குக் கண் அழுத்தம் இயல்பாக இருந்தது எங்கள் நல்ல காலம். பழைய சீட்டைக் காட்டி எந்தக் கண் மருந்தையும் வாங்காதீர்கள்.

புரை முற்றியதும் அதே மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, லென்ஸ் அளவு எல்லாம் முடிந்து பணமும் கட்டியாயிற்று. அறுவைக்கு அழைத்துப் போன அன்று, உறவினர் ஒருவர் வெளியூரிலிருந்து துணைக்கு வந்து காத்திருக்க, கண்ணீர்க் குழாயில் தண்ணீர் செலுத்திப் பார்க்கும் சோதனையை அப்போதுதான் செய்தார்கள். கீழிமையின் உள்முனையில் உள்ள நுண்ணிய துளையில் வளைந்த முனையுள்ள ஊசியை விட்டு உப்பு நீரைச் செலுத்தியதும், அது தொண்டைக்குப் போகாமல், மேலிமைத் துளை வழியாகச் சளி போன்ற வெண்ணிறக் கழிவோடு திரும்பி வந்தது. “குழாய் அடைப்பு இருக்கிறது, இன்றைக்குச் செய்ய முடியாது” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்து எங்கே போவது, என்ன செய்வது என்று விளக்க ஒருவரும் முன்வரவில்லை.

அன்று அறுவையை நிறுத்தியது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. கண்ணீர்ப்பையிலிருந்து மூக்கினுள் இறங்கும் பாதை அடைபட்டால், நீர் குட்டை போலத் தேங்கி அதில் கிருமிகள் பெருகும். அந்நிலையில் கண்ணைத் திறந்து லென்ஸ் வைத்தால் கிருமி உள்ளே புகுந்து பார்வையே பறிபோகக்கூடும். முதல் நாள் பரிசோதனையிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைக் கடைசி நேரத்துக்கு விட்டதுதான் என் மனத்தாங்கல். கண்ணின் உள்முனைக்கும் மூக்குத் தண்டுக்கும் இடையே விரலால் மெல்ல அழுத்தினாலே அம்மாவுக்குப் பீளை வெளியே வந்தது. அதைக்கூட யாரும் செய்து பார்க்கவில்லை.

பிறகு மதுரையில் உள்ள பெரிய கண் மருத்துவமனை ஒன்றில், இமை மற்றும் கண்ணீர்ப் பாதைக்கான தனிப் பிரிவில் காட்டினோம். அங்கே பார்த்த மருத்துவர் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்தார். இமை முடி உள்நோக்கி வளர்ந்து கருவிழியை உராய்கிறதா என்று பார்த்தார். கீழிமையை விரலால் இழுத்து விட்டு, அது உடனே கண்ணோடு ஒட்டுகிறதா, தொய்ந்து நிற்கிறதா என்று கவனித்தார். நீர் வடிவதற்கு இமைத் தொய்வும் ஒரு காரணமாகலாம் என்பதை அங்கேதான் அறிந்தேன். கடைசியில் டி.சி.ஆர். அறுவைதான் தீர்வு என்றார். கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள எலும்பில் ஒரு திறப்பு அமைத்து நீருக்குப் புதுவழி செய்வது அது. எலும்பு என்றதும் அம்மா மிரண்டுவிட்டார். 1904-ஆம் ஆண்டிலேயே தோத்தி என்ற இத்தாலிய மருத்துவர் விவரித்த முறை இது, நூறாண்டுக்கு மேலாகச் செய்யப்படுகிறது என்று அந்த மருத்துவர் பொறுமையாக எடுத்துச் சொன்னபிறகே சம்மதித்தார்.

உண்மையான அலைச்சல் இதற்குப் பின்தான் தொடங்கியது. அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மூக்கில் ரத்தக்கசிவு ஏற்படக்கூடிய அறுவை என்பதால், மாத்திரையை நிறுத்தலாமா, எத்தனை நாளுக்கு, எப்போது மீண்டும் தொடங்க வேண்டும் என்று இதய மருத்துவரிடமிருந்து எழுத்தில் கேட்டார்கள். நான் கோப்போடு அவருடைய கிளினிக்குக்குப் போனால், வரவேற்பில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, “பேஷன்ட் நேரில் வராமல் லெட்டர் கிடையாது” என்றார். அம்மாவை அழைத்துப் போன அன்று, ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் எழுத முடியாது என்றார். இரண்டையும் முதல் முறையே சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும். ஒரு வழியாக மருத்துவரைப் பார்த்தபோது அவர் அரைப் பக்கத்தில் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த மாத்திரைகளை யார் பேச்சைக் கேட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

காப்பீட்டிலும் ஒரு சிக்கல். முன் அனுமதி புரை அறுவைக்கென்று வாங்கப்பட்டிருந்ததால் டி.சி.ஆருக்குச் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். அறுவை மாறினால் முன் அனுமதியும் புதிதாக வாங்க வேண்டும். அதற்குக் குழாய்ச் சோதனையின் முடிவை எழுதிய தாள் தேவை. முதல் மருத்துவமனையில் அதை வாய்மொழியாகச் சொன்னார்களே தவிர, எழுதிக் கொடுக்கவில்லை. மதுரையில் செய்த சோதனையின் தாளை வைத்தே அனுமதி கிடைத்தது.

அறுவை அமைதியாக முடிந்தது. மூக்கினுள் காமிரா செலுத்தித் தழும்பில்லாமல் செய்யும் முறையும் உண்டு. அம்மாவுக்கு வெளியிலிருந்து செய்தார்கள். வீட்டுக்கு வந்தபின் கவனிக்க வேண்டியவைதான் முக்கியம். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முதல் சில நாள் காபியோ சோறோ சுடச்சுடக் கூடாது. தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். ரத்தம் லேசாகக் கசிந்தால் பதற வேண்டாம், நிற்காமல் ஒழுகினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுத்தார்கள். காபியை ஆற வைத்துக் குடிப்பதுதான் அம்மாவுக்குப் பெரும் சோதனையாக இருந்தது.

தையல் பிரித்து, காயம் ஆறியபின் மீண்டும் உப்பு நீர் செலுத்திப் பார்த்தார்கள். நான் அம்மாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுக்கூடத் திரும்பி வரவில்லை. அம்மா விழுங்கிவிட்டு, “தொண்டையில் உப்புக் கரிக்கிறது” என்றார். அத்தனை அலைச்சலுக்கும் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

சில வாரங்கள் கழித்துச் செய்த புரை அறுவையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் போய் மாலையில் திரும்பிவிட்டோம். வலது கண்ணிலும் புரை இருக்கிறது. அதற்கு நாள் கேட்கும்போதே அந்தப் பக்கக் குழாயையும் சோதித்து, முடிவை எழுதி வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறோம்.