இடது இன்ஜினைப் பிரித்த பிறகு

மெக்கானிக் அண்ணன் எங்கள் விமானத்தின் இடது இன்ஜினிலிருந்து எடுத்த எண்ணெய் வடிகட்டியை வெட்டித் திறந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தை விரித்து வெயிலில் சாய்த்துப் பிடித்தார். மீன் செதில் தூள் மாதிரி மினுமினுப்பு. சின்னக் காந்தம் ஒன்றை மேலே நகர்த்தியதும் அத்தனையும் எழுந்து ஒட்டிக்கொண்டது.

"இரும்பு, தம்பி. கேம்ஷாஃப்ட் தேயுது." இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது.

எங்களுடையது 1969-இல் செய்த பைப்பர் ட்வின் கமான்சி என்ற சின்ன விமானம். 160 குதிரைத்திறன் லைக்கமிங் இன்ஜின் இரண்டு. மூன்று பேர் சேர்ந்து வாங்கி, பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் இதைச் செய்த தொழிற்சாலை 1972 புயல் வெள்ளத்தில் மூழ்கியது. அதோடு இந்த ரகம் நின்றுபோனது. உதிரிபாகம் தேடுவதே தனி வேலை.

வாங்கும்போது எரிபொருளைத்தான் பெரிதாகக் கணக்குப் போட்டோம். மணிக்கு ஏறக்குறைய 60 லிட்டர். அதைச் சமாளித்துவிடலாம், குறைவாகப் பறந்தால் குறைவாகச் செலவாகும். பராமரிப்பு அப்படி இல்லை. ஸ்பார்க் பிளக் 16, அவற்றுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ 4, புரொப்பெல்லர் 2. பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருடாந்திரச் சோதனைக்கு எல்லாவற்றையும் திறந்து பார்த்தாக வேண்டும்.

அப்புறம் அந்த இடது இன்ஜின். அது ஓடியது 1,100 மணி நேரம் சொச்சம்தான். முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க லைக்கமிங் சொல்லும் கெடு 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு. மணி நேரத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டோம். 2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து விமானம் மாதக்கணக்கில் நின்றது. அனுமதி கிடைத்த நாட்களில் போய், பத்து நிமிடம் தரையிலேயே ஓடவிட்டு வந்தோம். நல்லது செய்கிறோம் என்றே நம்பினோம்.

"அதுதான் தப்பாப் போச்சு" என்றார் அண்ணன். இந்த இன்ஜினில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் அதன் மேலுள்ள எண்ணெய்ப் படலம் வடிந்துவிடும். எண்ணெய் 74 டிகிரிக்கு மேல் சூடேறி ஒரு மணி நேரமாவது பறந்தால்தான் உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகும். பத்து நிமிட ஓட்டம் ஈரத்தைச் சேர்க்குமே தவிர விரட்டாது. பாயான் லெப்பாஸில் கடல் காற்று வேறு. பழைய விமானம் வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து தரையில் ஓடவிட்டு வைக்காதீர்கள்.

கேம்ஷாஃப்டை மாற்ற இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டும். அவ்வளவு தூரம் போன பிறகு முழு ஓவர்ஹால்தான், அதாவது எல்லாவற்றையும் பிரித்துப் புதுப்பிப்பது. இரண்டு இன்ஜினுக்கும் விலை கேட்டோம். கப்பல் செலவையும் புரொப்பெல்லரையும் சேர்த்தால் விமானத்தின் சந்தை விலையையே நெருங்கிவிட்டது. பங்காளிகளில் ஒருவர் பிரித்து விற்றுவிடலாம் என்றார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் கல்லூரியில். அவர் சொன்னதில் தவறே இல்லை, ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முடிவெடுக்கும் முன் வலது இன்ஜினில் ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தோம். கேம் சுத்தமாக இருந்தது. சரி, இடதை மட்டும் அனுப்புவோம் என்று மூவரும் ஒத்துக்கொண்டோம். இன்ஜின் பெட்டி போய்த் திரும்ப எட்டு மாதம். அதுவரை வலது இன்ஜினைக் காப்பாற்ற உள்ளே பாதுகாப்பு எண்ணெய் அடித்து, ஸ்பார்க் பிளக் துளைகளில் சிலிக்கா மணிகள் நிரப்பிய அடைப்பான்களைத் திருகி வைத்தோம். நீல மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகிவிடும். மழைக்காலத்தில் பத்தே நாளில் நிறம் மாறியது. அந்த எட்டு அடைப்பான்களைக் கழற்றுவதும் மாற்றுவதும் என் ஞாயிற்றுக்கிழமை வேலையானது.

எரிபொருள் பற்றியும் பேசினோம். நாங்கள் ஊற்றும் நீல நிற 100 எல்எல் விமானப் பெட்ரோல் ஈயம் கலந்தது. அமெரிக்கா 2030 கடைசிக்குள் அதை நிறுத்தப் பார்க்கிறது. ஈயமில்லாத 100 ஆக்டேன் எரிபொருள் ஒன்றுக்கு 2022-இல் அங்கே ஒப்புதலும் கிடைத்தது. அது நம் பக்கம் டிரம்மில் வந்து இறங்கும் வரை கவலைதான். ஜெட் எரிபொருளில் ஓடும் டயமண்ட் டிஏ42 என்ற இரட்டை இன்ஜின் விமானம் வாங்க எங்களுக்கு வசதியில்லை. ஒரே ஆறுதல், எங்கள் இன்ஜினின் அழுத்த விகிதம் (சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது) 8.5-தான், அதற்கு 100 ஆக்டேன் கட்டாயமில்லை. இதே இன்ஜினில் அழுத்தம் கூடின ரகம் வைத்திருப்பவர்களைவிட எங்களுக்கு வழி கொஞ்சம் அகலம்.

பிரித்து விற்கலாம் என்றவர் இன்னும் பங்கை விடவில்லை. பத்து நாளுக்கு ஒரு முறை யாராவது ஒருவர் பறந்தே ஆக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். போன வாரம் அவர் முறை. லங்காவி போய்த் திரும்பி, பதிவேட்டில் 1.2 மணி நேரம் என்று எழுதி, பக்கத்தில் எண்ணெய்ச் சூட்டையும் குறித்திருந்தார்: இடது 82, வலது 84.