பெரம்பூர்ல இருந்து அடையாறுக்கு 20 நாள்: பொண்ணோட இங்கிலீஷ், கோடிங் கேம்ப் அனுபவம்

போன மே மாசம் என் பொண்ணை இங்கிலீஷும் கோடிங்கும் சேர்த்து சொல்லித்தர்ற ஒரு சம்மர் கேம்ப்ல சேர்த்தேன். அப்போ ஒன்பதாவது முடிச்சிருந்தா, தமிழ் மீடியம். தெரிஞ்சவங்க நிறைய பேர் எப்படி இருந்துச்சு, எங்க பிள்ளைங்கள சேர்க்கலாமான்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் பாதி பாதி சொல்றதுக்கு ஆரம்பத்துல இருந்து ஒரே தடவையா எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன்.

அவளுக்கு கணக்கு நல்லா வரும். இங்கிலீஷ் படிச்சா புரியும், எழுதவும் செய்வா, ஆனா பேசுன்னா வாயே திறக்காது. அதுக்கு முன்னாடி வருஷம் எங்க ஏரியாவுலயே மூணு மாசம் ஸ்போக்கன் இங்கிலீஷ் அனுப்பினேன். தன்னைப் பத்தி அஞ்சு வரி மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா, அதோட சரி. அங்க அவளுக்கு யார்கிட்டயும் சொல்றதுக்கு ஒரு விஷயமே இல்லைங்கிறது எனக்கு அப்போ புரியல.

மார்ச்லயே தேட ஆரம்பிச்சேன். நான் வீட்ல பிளவுஸ் தைக்கிறேன், மே மாசம் முகூர்த்த சீசன், ஆர்டர் எல்லாம் அப்பதான் வந்து குவியும், அதனால நேரமும் பணமும் ரெண்டையும் யோசிச்சுதான் முடிவு பண்ண வேண்டியிருந்துச்சு. மூணு இடம் நேர்ல போய் பார்த்தேன். ஒரு இடத்துல இன்னைக்கே கட்டினா டிஸ்கவுண்ட்னு போன் மேல போன், யார் கிளாஸ் எடுப்பாங்கன்னு கேட்டா மட்டும் பதில் வரல. இன்னொண்ணுல ரூம்ல 40 பிள்ளைங்க, ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேர். ரெண்டு பேர் உட்கார்ந்தா ஒருத்தர் டைப் பண்ணுவாங்க, இன்னொருத்தர் வேடிக்கை பார்ப்பாங்க, என் பொண்ணு வேடிக்கை பார்க்கிற ஆளாதான் இருப்பான்னு எனக்கு நல்லாத் தெரியும். மூணாவது அடையாறுல. பேட்சுக்கு 14 பேர், லேப்டாப் நாமதான் கொண்டு போகணும், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் நாலு வாரம், காலையில பத்துல இருந்து பதினொன்றரை இங்கிலீஷ், கொஞ்சம் பிரேக், அப்புறம் ஒரு மணி வரைக்கும் கோடிங். ரெண்டையும் எடுக்கிறவங்களையே கூப்பிட்டு என்கிட்ட பேச வச்சாங்க, அதுலதான் மனசு திருப்தியாச்சு.

ஃபீஸ் 9,500ன்னு சொல்லியிருந்தாங்க. பில் போடும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 11,210. இந்த மாதிரி கேம்ப் பலதுக்கும் வரி உண்டு, எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவுன்னு முதல்லயே கேட்டுக்கோங்க, எங்களுக்கு அந்த 1,710 அந்த வாரம் ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

லேப்டாப்புக்கு புதுசா வாங்க வழி இல்ல. எங்க அண்ணன் பையனுக்கு ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரண்ல கிடந்துச்சு, பேட்டரி செத்துப்போச்சு, சார்ஜர்ல போட்டாதான் ஓடும். கேம்ப்ல கோடிங்குக்கு சொல்லித்தர்ற மொழி பைதான், அவங்க அனுப்பின லிங்க்ல போய் புது பைதான் டவுன்லோட் பண்ணா இன்ஸ்டாலே ஆகல. ரெண்டு நாள் அழுதுட்டா. கோடிங் சார்கிட்ட போன்ல கேட்டதுக்கு அவர்தான் சொன்னாரு, இது விண்டோஸ் 7, இதுல பைதான் 3.8 வரைக்கும்தான் ஓடும், 3.9ல இருந்து ஓடாது, பழையதை போட்டுக்கோ, கேம்ப்ல நாம பண்ணப்போறதுக்கு அதுவே தாராளம்னு. அப்படியேதான் ஆச்சு, கேம்ப் முடியுற வரைக்கும் அந்த லேப்டாப்லயே ஓட்டிட்டா. பழைய லேப்டாப் வச்சிருக்கவங்க அதைத் தூக்கிப் போட வேணாம்.

பெரம்பூர்ல இருந்து அடையாறு தூரம்தான், ஆனா 29சி ஒரே பஸ், எங்க பக்கம் இருந்துதான் கிளம்புதுங்கிறதுனால உட்கார சீட் கிடைச்சிடும், சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்கு காசு இல்ல, அதனால போக வர எங்களுக்கு செலவே ஆகல. வழியெல்லாம் மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்டிருந்தாங்க, சில நாள் ஒன்றரை மணி நேரம் ஆயிடும், எட்டேகாலுக்கெல்லாம் ஸ்டாப்ல நிப்போம். கத்திரி வெயில் வேற. அவ உள்ள போனதும் நான் வராண்டாவுல உட்கார்ந்து பிளவுஸுக்கு ஹெம்மிங், ஹூக் வேலை எல்லாம் பார்த்துட்டு இருப்பேன்.

முதல் நாளே பெரிய அடி. லெவல் டெஸ்ட்னு ஒரு மேம் இங்கிலீஷ்ல அஞ்சு நிமிஷம் பேசிப் பார்த்தாங்க, இவ வாயே திறக்கல, உடனே ஆறாவது ஏழாவது பிள்ளைங்க பேட்ச்ல போட்டுட்டாங்க. அன்னைக்கு வீடு வர்ற வரைக்கும் பஸ்ல ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தா. சின்னப் பிள்ளைங்களுக்கு அங்க ஸ்க்ராட்ச் சொல்லிக்கொடுத்தாங்க. ஸ்க்ராட்ச்ங்கிறது அமெரிக்காவுல எம்ஐடியில செஞ்சு 2007ல வெளியிட்டது, டைப் பண்ண வேணாம், கட்டம் கட்டமா இழுத்து ஒட்டினா போதும். அதுல ஒரு குறையும் இல்ல. ஆனா 14 வயசுப் பொண்ணை 11 வயசுப் பிள்ளைங்க நடுவுல உட்கார வச்சா அவளுக்கு எப்படி இருக்கும்?

நான் ஆஃபீஸ்ல போய் கேட்டேன், இங்கிலீஷுக்கு எங்க வேணா வைங்க, கோடிங்குக்கு பெரிய பிள்ளைங்களோட விடுங்கன்னு. முடியாது, ரெண்டும் ஒரே பேட்ச்தான்னுட்டாங்க. எனக்குக் கோபம்தான், ஏன்னா அந்த டெஸ்ட் அவ பேசுவாளான்னு மட்டும்தான் பார்த்துச்சு, யோசிப்பாளான்னு பார்க்கவே இல்ல. மூணாவது நாள், ரெண்டு நாள் வேலையை ஒரே மதியத்துல வீட்ல முடிச்சு வச்சிருந்ததை சார்கிட்ட காட்டச் சொன்னேன். அவர் பார்த்துட்டு அவரே உள்ள போய் பேசி, வியாழக்கிழமையில இருந்து பெரிய பேட்சுக்கு மாத்தினாரு. உங்க பிள்ளைக்கு இப்படி நடந்தா சும்மா இருந்துடாதீங்க, செஞ்ச வேலையைக் கையில எடுத்துட்டுப் போய் கேளுங்க.

பெரிய பேட்ச்ல பைதான். அந்த கிளாஸ்ல ஒரு ரூல், அதுதான் எல்லாத்தையும் மாத்துச்சுன்னு நான் நம்புறேன். எரர் வந்தா சாரைக் கூப்பிடக் கூடாது. முதல்ல ஸ்கிரீன்ல வர்ற அந்த சிவப்பு எழுத்தை சத்தமா வாசிக்கணும், அப்புறம் என்ன தப்புன்னு நீ நினைக்கிறியோ அதை இங்கிலீஷ்ல சொல்லணும், தப்பா சொன்னாலும் பரவாயில்ல, கிராமர் போனாலும் பரவாயில்ல. அதுக்கப்புறம்தான் சார் வருவாரு. அந்த எரரையே மறுநாள் காலையில இங்கிலீஷ் மிஸ் பாடமா எடுப்பாங்க.

ஒரு நாள் ரெண்டு மார்க்கைக் கூட்டுற புரோகிராம் எழுதியிருக்கா. 45ம் 38ம் கொடுத்தா 83 வரணும்ல, 4538ன்னு வந்துடுச்சு. அதோட 10 மார்க் கூட்டிப் பார்த்தா டைப் எரர்னு, வகை தப்புன்னு அர்த்தம், சிவப்பா வந்து அதுல கன்காட்டினேட்னு ஒரு வார்த்தை. வாசிக்கவே நாக்கு சுத்துது. மறுநாள் மிஸ் அதைப் பிரிச்சு சொன்னாங்களாம், லத்தீன்ல சங்கிலிக்கு இருக்கிற வார்த்தையில இருந்து வந்தது, ஒண்ணோட ஒண்ணு கோர்க்கிறதுன்னு அர்த்தம்னு. பஸ்ல என்கிட்ட சொன்னா, "ம்மா, நாம கீபோர்டுல அடிக்கிற நம்பரை பைதான் எழுத்தாத்தான் எடுத்துக்குமாம். அதான் கூட்டாம, பூ கட்டுற மாதிரி 45ஐயும் 38ஐயும் பக்கத்துல பக்கத்துல கோர்த்துடுச்சு. இது நம்பர்னு நாமதான் முதல்ல சொல்லணும்." எனக்கு கோடிங் ஒரு எழுத்து தெரியாது, ஆனா அது எனக்குப் புரிஞ்சுது. புரியுற மாதிரி சொல்ல அவளுக்கு வந்துடுச்சுன்னும் புரிஞ்சுது.

இங்கிலீஷ் மிஸ் இன்னொண்ணு செய்வாங்க. ரெண்டு பேரை முதுகோட முதுகு ஒட்டி உட்கார வைப்பாங்க, ஒருத்தர் தன் புரோகிராம் என்ன பண்ணுதுன்னு படிப்படியா சொல்லணும், இன்னொருத்தர் ஸ்கிரீனைப் பார்க்காமலே பேப்பர்ல அதை எழுதணும். கை காட்ட முடியாது, இது அதுன்னு இழுக்க முடியாது, வார்த்தை வந்தே ஆகணும். தமிழ்ல நாம வினையைக் கடைசியில வைப்போம், "பேரைத் திரையில காட்டு"ன்னு, இங்கிலீஷ்லயும் பைதான்லயும் அந்தக் "காட்டு" முதல்ல வந்துடும், அதனால வாக்கியத்தை ஆரம்பிக்கும்போதே என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கணும்னு ஒரு நாள் அவளே சொன்னா. இங்கிலீஷ் பேசும்போது தான் ஏன் திணறுறோம்னு அன்னைக்குத்தான் பிடிபட்டுச்சாம்.

குறையும் இருந்துச்சு. ரெண்டாவது வாரம் மூணு நாள் ஏசி வேலை செய்யல, கேட்டுக் கேட்டுதான் சரி பண்ணாங்க. விட்ட கிளாஸை வீட்ல படிக்க நோட்ஸ்னு ஒண்ணும் தரல, காய்ச்சல்ல ஒரு நாள் போகாததுக்கு ஃபிரெண்டு நோட்டை போட்டோ எடுத்துதான் சமாளிச்சா.

கடைசி வாரம் ஆளுக்கு ஒரு புராஜெக்ட். மத்தவங்க எல்லாம் கேம், குவிஸ்னு போக, இவ எடுத்தது தமிழ் எழுத்தை எண்ணுற புரோகிராம். எப்படின்னா, ஒரு வார்த்தையில எத்தனை எழுத்துன்னு சொல்ல பைதான்ல 'லென்'னு (len) ஒரு கட்டளை இருக்கு, விளையாட்டா அதுல "தமிழ்"னு போட்டிருக்கா, 5ன்னு வந்திருக்கு. ஒண்ணாவது படிக்கிற பிள்ளையே மூணுன்னு சொல்லிடும். ஏன்னு தேடிப் பார்த்திருக்கா. நமக்கு மொத்தம் 247 எழுத்து, ஆனா கம்ப்யூட்டர் எழுத்துக்கெல்லாம் எண் கொடுத்து வச்சிருக்கிற யூனிகோட்ங்கிற முறையில ஒவ்வொண்ணுக்கும் தனி எண் கிடையாது. மி-ங்கிறதை ம ஒண்ணு, மேல போடுற கொக்கி ஒண்ணுன்னு ரெண்டா வச்சிருக்கு, ழ்-ல புள்ளியும் தனி. அதனால த, ம, கொக்கி, ழ, புள்ளின்னு அஞ்சு. துணைக்கால் கொம்பு மாதிரி குறிகள் 11, புள்ளி ஒண்ணு, இந்த 12ஐயும் கணக்குல விட்டுட்டு எண்ணுன்னு எழுதினா, மூணு வந்துடுச்சு.

கடைசி நாள் பேரன்ட்ஸ் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தாங்க, ஒவ்வொருத்தரும் அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல விளக்கணும். அவ எழுந்து போனப்போ எனக்கு கை சில்லுன்னு ஆயிடுச்சு. முதல்ல கொஞ்சம் நின்னா. அப்புறம் "தமிழ்"னு போர்டுல எழுதி, எல்லாரையும் பார்த்து ஹவ் மெனி லெட்டர்ஸ்னு கேட்டா. த்ரீன்னு சத்தம் வந்துச்சு. கம்ப்யூட்டர் சேஸ் ஃபைவ், வொய்ன்னு ஆரம்பிச்சா பாருங்க, நிறுத்தவே இல்ல. நடுவுல தப்பு வந்துச்சு, திருத்திக்கிட்டா, வார்த்தை வராத இடத்துல போர்டுல வரைஞ்சு காட்டினா. எனக்குப் பாதி இங்கிலீஷ் புரியல, ஆனா பஸ்ல ஏற்கனவே தமிழ்ல கேட்ட கதைங்கிறதுனால ஒவ்வொரு இடமா கூடவே போக முடிஞ்சுது.

முடிச்சதும் ஒரு அப்பா "லக்ஷ்மி"ன்னு போட்டுப் பாரும்மான்னாரு. போட்டா 4ன்னு வந்துச்சு, மூணுதான் வரணும். க்ஷ-வை அது க, ஷன்னு ரெண்டா எண்ணிடுச்சு. எனக்கு பக்குனு ஆயிடுச்சு, முன்ன மாதிரி வாயடைச்சுப் போயிடுவாளோன்னு. அவ ஸ்கிரீனை ஒரு நிமிஷம் பார்த்துட்டு, யூ ஆர் ரைட் சார், ஐ டிட் நாட் திங்க் ஆஃப் திஸ், ஐ வில் ஃபிக்ஸ் இட்னு சொல்லிட்டு அதை நோட்ல எழுதிக்கிட்டா. யாரும் சொல்லிக்கொடுத்த வரி இல்ல அது.

இப்போ பத்தாவது போயிட்டு இருக்கா, பரீட்சை வருஷம்ங்கிறதுனால ஞாயிறு மட்டும்தான் லேப்டாப். நம்ம பாடத்திட்டத்துல 12வது கம்ப்யூட்டர் சயின்ஸ் புக்லயே பைதான் இருக்கு, தமிழ் மீடியத்துலயும் இருக்கு, பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட வாங்கிட்டு வந்து பக்கத்துலயே வச்சிருக்கா. லக்ஷ்மியை அந்த வாரமே சரி பண்ணிட்டா, எண்ணுறதுக்கு முன்னாடி க்ஷ-வை எல்லாம் ஒரே எழுத்தா மாத்திடுன்னு ஒரு வரி சேர்த்தாளாம். ஆனா அதுக்கும் முன்னாடி, கடைசி நாள் திரும்பி வரும்போதே, 29சி ஒரு சிக்னல்ல நின்னப்போ எதிர்ல இருந்த கடை போர்டைப் பார்த்துட்டு, "ம்மா, ஸ்ரீயும் ரெண்டுன்னுதான் எண்ணும்"னு சொல்லி பையில இருந்து நோட்டை எடுத்தா.