தங்கையின் மாத்திரையும் என் கணக்கு நோட்டும்

தங்கைக்கு க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் என்று உறுதியாகி ஒன்றரை வருடம் ஆகிறது. ஸ்டீராய்டைக் குறைத்தால் வலி திரும்பிவிடும். கூட்டினால் முகம் வீங்கிவிடும். போன மாதம் டாக்டர் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாதயோபிரின் மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அன்று இரவே சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான்: "இதுல லிம்போமாங்கிற நிணநீர் புற்றுநோய் வர்ற வாய்ப்பு 5 மடங்காம்ணே." அவள் மாத்திரை அட்டையைப் பிரிக்காமலே பீரோவில் வைத்துவிட்டாள்.

அந்த 5 மடங்கு பொய் இல்லை. பிரான்சில் 19,486 குடல் அழற்சி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த செசாம் ஆய்வில் இருப்பதுதான். 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆனால் எத்தனைக்கு 5 மடங்கு? நான் கடையில் கணக்கு எழுதுகிறவன். நோட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். இந்த வகை மருந்தைத் தொடாத 10,000 பேரில் வருடத்துக்கு 2.6 பேருக்கு அந்த நோய் வருகிறது. சாப்பிட்டு வருகிறவர்களில் 9 பேருக்கு. சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 2 பேருக்கு.

"அண்ணா, 2.6க்கு 9ன்னா மூன்றரை மடங்குதானே?" என்றாள். சரியான கேள்வி. இரண்டு பக்கமும் இருப்பவர்களின் வயது, பாலினம் எல்லாவற்றையும் ஈடுகட்டிப் பார்த்தால்தான் 5 வருகிறது.

அப்புறம் பலன் பக்கம். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் தொகுப்பில் தேடினேன். ஸ்டீராய்டை நாளுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இறக்க முடிந்தவர்கள், இந்த மருந்தில் 100க்கு 64, வெற்று மாத்திரையில் 46. அவளுக்கு வேண்டியது இதுதான். ஆனால் அந்தக் கணக்கில் மொத்தமே 143 பேர். பொங்கிய நோயை அடக்குவதில் மருந்துக்கு 100க்கு 48, வெற்று மாத்திரைக்கு 37. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிறது அதே தொகுப்பு. ஆக, நம்பலாம், அளவோடு நம்ப வேண்டும்.

என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது வேறு. என்யுடிடி15 மரபணுவில் மாற்றம் இருந்தால் இந்த மருந்தால் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மளமளவென்று சரியும், முடியும் கொட்டும். ஐரோப்பியர்களைவிட நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த மாற்றம் அதிகம். வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. டாக்டரிடம் கேட்டோம், ரத்தம் எடுத்து அனுப்பினார். மாற்றம் இல்லை என்று வந்தது.

நேற்று அவளே பீரோவைத் திறந்து அட்டையைப் பிரித்தாள். முதல் மாதம் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை. அந்தத் தேதிகளையெல்லாம் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.