சித்திரைப் பட்டம், வைகாசி மண்

கோபியிலிருந்தோ காங்கேயத்திலிருந்தோ மகள் வீட்டுக்குக் கிளம்பும் அப்புச்சியும் அம்மிச்சியும் (அம்மா வழித் தாத்தாவும் பாட்டியும்) பெரும்பாலும் பங்குனிக் கடைசியில்தான் நியூஜெர்சியில் வந்து இறங்குகிறார்கள். குளிர் போய்விட்டது என்று மகள் போனில் சொல்லியிருப்பாள். ஜன்னல் வழியே பார்த்தால் வெயிலும் பளீரென்றுதான் இருக்கும். பொடக்காலிக்கு, அதாவது வீட்டுக் கொல்லைக்குப் போய் மண்ணில் கையை வைத்தால்தான் தெரியும், சில்லென்று இருக்கும். வெயிலை நம்பி அன்றைக்கே வெண்டை ஊன்றுவதுதான் ஊர்க்காரர்கள் செய்யும் முதல் தப்பு. பத்து நாள் கழித்துக் கிளறினால் விதை ஊறி, கொழகொழவென்று அழுகிக் கிடக்கும். விதையில் சீக்கு எதுவும் இல்லை. மண் சூடேறவில்லை, அவ்வளவுதான்.

நம் பட்டக் கணக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, ஒரு மாதம் தள்ளி வைத்தால் போதும். மத்திய நியூஜெர்சியில் பங்குனி (மார்ச் 14 வாக்கில் பிறப்பது) வீட்டுக்குள் நாத்து விடும் மாதம். சித்திரையில் நாத்தை வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். நடவு வைகாசி பிறந்த பிறகுதான், அதாவது மே 15-ஐ ஒட்டி. அதற்கு முன்னும் பனி விழாத வருஷங்கள் உண்டு. ஆனால் ஒரே ஒரு இரவுப் பனி போதும், கத்தரியும் மிளகாயும் காலையில் வெந்த கீரை மாதிரி தொங்கும். காலண்டரை விட நம்பகமானது மண் வெப்பமானி. காலை 9 மணிக்கு மண்ணில் 4 அங்குலம் இறக்கிப் பாருங்கள். தொடர்ந்து நாலைந்து நாள் 65 டிகிரி ஃபாரன்ஹீட் (18 செல்சியஸ்) காட்டினால் வெண்டை ஊன்றலாம். பாகலும் கொத்தவரையும் 70-ஐக் கேட்கும்.

விதைப் பொட்டலத்தைச் சேலை மடிப்பில் ஒளித்துக் கொண்டு வருவதை விட்டுவிடுங்கள். அமெரிக்காவுக்குள் விதை கொண்டுவரப் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் பறிமுதல், படிவத்தில் சொல்லாமல் மறைத்தால் அபராதமும் சேரும். கறிவேப்பிலைச் செடி, பச்சை இலை இரண்டையும் கொண்டுவரவே கூடாது. எலுமிச்சை வகை மரங்களைச் சாகடிக்கும் கிருமியைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும் என்பதால்தான் இந்தக் கெடுபிடி. இந்தியக் காய்கறி விதைகள் இங்கேயே ஆன்லைனில் கிடைக்கின்றன.

அவரையில் மட்டும் ரகம் பார்த்து வாங்க வேண்டும். ஊரில் வேலியோரம் ஏற்றிவிடும் கொடி அவரை, பகல் சுருங்கினால்தான் பூக்கும். கோவையில் ஆண்டின் நீளமான பகலே சுமார் 12 மணி 45 நிமிடம்தான். இங்கே ஜூனில் 15 மணி நேரம் வெளிச்சம். கொடி பந்தல் முழுக்கப் படரும், இலை தளதளவென்று இருக்கும், ஒரு பூ இருக்காது. செப்டம்பர் பாதிக்கு மேல் பூ எடுத்து, பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் அக்டோபர் பனி வந்து மொத்தத்தையும் கருக்கிவிடும். “என்ன உரம் போட்டும் காய்க்கலைங்க” என்று புலம்புகிறவர்கள் பாதிப் பேர் இந்த அவரைக்காரர்கள்தான். உரம் போடப்போட இலைதான் கூடும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்து அவரை போல, பகல் நீளத்தைக் கணக்கில் எடுக்காத ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

நாத்து விடுவதற்கு ஒரு ஊர் ஞாபகம் உதவும். மாரியம்மன் நோன்புக்கு முளைப்பாரி போட்டவர்களுக்குத் தெரியும்: தானியத்தை ராத்திரி ஊறவைத்து, சட்டியில் எருவோடு தூவி, வெளிச்சமே படாத அறையில் வைத்து வளர்ப்போம். முளை வெளுத்து, மஞ்சளாக, ஒல்லியாக நெடுநெடுவென்று எழும். அம்மனுக்கு அதுதான் அழகு. ஜன்னல் திட்டில் வைத்த கத்தரி நாத்து அப்படி எழுந்தால் அது தோற்ற நாத்து. மார்ச் மாத ஜன்னல் வெளிச்சம் போதாமல் செடி வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது, தண்டில் சத்து ஏறவில்லை என்று அர்த்தம். சாதாரண எல்.இ.டி. குழல் விளக்கு போதும், விலை உயர்ந்த ஊதா விளக்கு தேவையில்லை. நாத்தின் தலைக்கு மேலே 2 அல்லது 3 அங்குலத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். செடி வளர வளர விளக்கையும் ஏற்றிக் கட்டவேண்டும்.

முளைக்க வெளிச்சத்தை விடச் சூடுதான் முக்கியம். மிளகாய், கத்தரி விதைகள் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பத்து நாளுக்குள் வந்துவிடும். வீட்டை 66 டிகிரியில் வைத்திருப்பவர்கள் மூன்று வாரம் காத்திருந்துவிட்டு விதையைத் திட்டுவார்கள். பாகல் விதையின் முனையை நகவெட்டியால் லேசாக நறுக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரக் காகிதத் துண்டில் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஓவன் அடுப்புக்குள் வையுங்கள். அடுப்பைப் பற்றவைக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டால் அந்தச் சூடு போதும். அடுப்புத் திருகின் மேல் ஒரு சீட்டு ஒட்டுவதை மறக்கக்கூடாது. மருமகன் பீட்சாவுக்கு அடுப்பைச் சூடேற்றினால் பாகலும் வெந்துவிடும்.

முளைத்த நாத்து தரைமட்டத்தில் கறுத்து, நூல் மாதிரி இளைத்துச் சாய்ந்தால் நாற்றழுகல். காரணம் குளிர்ந்த மண்ணும் தண்ணீரும். மேலிருந்து ஊற்றாமல், தட்டில் தண்ணீர் விட்டு அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, அரை மணியில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

சித்திரை 1 அன்று இதெல்லாம் வீட்டுக்குள்தான் இருக்கும். கோவைப் பக்கத்து வழக்கப்படி முதல் நாள் ராத்திரியே கண்ணாடிக்கு முன்னால் பழத்தட்டு, வெற்றிலை, நகை, காசு வைத்துச் சித்திரைக்கனி காணலாம். ஏப்ரலில் மெக்சிகோ மாம்பழம் கடைக்கு வந்துவிடும், பலாச்சுளையும் கிடைக்கும். ஊரில் அந்தச் சமயம் பூத்துத் தொங்கும் சரக்கொன்றைக்கு இங்கே என்ன செய்வது? பாதித் தெருவில் ஃபோர்சித்தியா மஞ்சளாகப் பூத்திருக்கும். இலையே இல்லாத குச்சி முழுக்கப் பூ. தட்டோரம் இரண்டு குச்சி வைத்தால் கொன்றை இல்லாத குறை தெரியாது. அந்தப் பூ ஒரு விதைப்பு அறிவிப்பும்கூட. ஃபோர்சித்தியா பூத்தால் பட்டாணி, கொத்தமல்லி, வெந்தயம், பாலக் ஆகியவற்றை நேராக மண்ணில் தூவலாம். இவை குளிரைத் தாங்கும், ஜூன் வெயிலைத்தான் தாங்காது. கையைக் கட்டிக்கொண்டு வைகாசி வரை உட்கார முடியாத அப்புச்சிகளுக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும்.

பங்குனி, சித்திரையில் மனசு ஊர்ப்பக்கம்தான் இழுக்கும். ஈரோட்டில் பெரிய மாரியம்மனுக்குக் கம்பம் நட்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், பண்ணாரியில் குண்டம் இறங்குவார்கள், கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குக் காவடி நடக்கும். இங்கே குண்டத்துக்கு வழியில்லை. மாவிளக்கு வைக்கத் தடையேதும் இல்லை. அதைக் கடை அரிசிமாவில் செய்தால் விளக்கு வெடித்து நெய் ஒழுகும், மாவில் ஈரப்பதம் இல்லாததே காரணம். 2 கப் பச்சரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் இருபது நிமிடம் உலர்த்தி, கையில் ஒட்டுகிற ஈரம் இருக்கும்போதே மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். 1 கப் பொடித்த வெல்லம், ஏலக்காய், 1 ஸ்பூன் நெய் சேர்த்துப் பிசைந்தால் வெல்லத்தின் ஈரத்திலேயே உருண்டை கூடும். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். கற்பூரம், சாம்பிராணி போடுவதற்கு முன்பே அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியைப் போட்டு ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். புகை அலாரம் அலறும் என்று பேட்டரியைக் கழற்றி வைக்கிற வீடுகள் உண்டு. மர வீட்டில் அது விபரீதம்.

இனி பாத்தி. ஊர்க்காரர் கை இங்கேதான் பழக்கத்தில் தவறும். கோவைச் சமவெளியில் ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் பாத்தி என்றாலே பள்ளம்தான். சுற்றி வரப்பு கட்டி, விட்ட தண்ணீர் வெளியே போகாமல் தேக்குவோம். நியூஜெர்சியில் 1,100 மில்லிமீட்டருக்கு மேல், அதுவும் எல்லா மாதத்திலும் பரவலாகப் பெய்கிறது. இங்கே மம்முட்டி பிடித்து அழகாகப் பள்ளப்பாத்தி கட்டினால் மே மாத மழையில் அது குட்டை. களிமண் தரையில் வேர் மூச்சு முட்டி, இலை மஞ்சளாகும். மேட்டுப்பாத்தி போடுங்கள். 4 அடி அகலம் இருந்தால் இரண்டு பக்கமும் நின்று கை எட்டும். 8 அடி நீளம், 10 அங்குல உயரம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கியூபிக் யார்டு மண் பிடிக்கும். மூன்றில் இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு கம்போஸ்ட். முழுக்கக் கம்போஸ்ட் நிரப்பினால் அடுத்த வருஷம் பாத்தி பாதிக்கு இறங்கிக் கிடக்கும். 1978-க்கு முந்தைய வீடாக இருந்தால் சுவரோர மண்ணில் பழைய பெயின்ட்டின் ஈயம் இருக்கக்கூடும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனைக் கூடத்துக்கு மாதிரி அனுப்பிப் பார்த்த பிறகே கீரை போடவும். பஞ்சகவ்யம் தயாரிக்கும் ஆசையை அடக்குவது நல்லது. ஏப்ரல் குளிரில் அது நொதிக்காது, ஜூனில் நொதிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார்.

ஊர்த் தோட்டத்தில் கல்லுக்கால் நட்டுப் பந்தல் போடுவோம். இங்கே அந்த வேலைக்கு 16 அடி நீள மாட்டு வேலிக் கம்பி வலை ஒன்றை வில்லாக வளைத்து இரண்டு பாத்திகளுக்கு நடுவே நிறுத்தினால் போதும், புடலை கண் உயரத்தில் தொங்கும். காலுக்குக் குழி தோண்டும் முன் 811-க்கு போன் செய்து சொல்லிவிடவேண்டும். காசில்லாமல் வந்து கேஸ் குழாயும் மின்கம்பியும் போகிற இடத்தைக் குறித்துத் தருவார்கள்.

வீட்டுக்குள் வளர்ந்த நாத்தை ஒரே நாளில் வெளியே வைத்தால் இலை வெளுத்துக் காகிதமாகிவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, நாலாம் நாள் காலை வெயில், இப்படிப் பத்து நாள். இரவு 50 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே எடுக்க வேண்டும். கறிவேப்பிலைத் தொட்டிக்கும் முருங்கைத் தொட்டிக்கும் இதே கணக்குதான். நட்ட பிறகு பனி அறிவிப்பு வந்தால் பழைய வேட்டி இரண்டு போதும். பொழுது சாயும் முன்பே, மண்ணில் தேங்கிய சூடு தப்பாதபடி தரை வரை மூடி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் பட்ட இடமெல்லாம் கருகும்.

பொடக்காலி வேலைக்குச் செருப்பில்லாமல் லுங்கியோடு இறங்கும் வழக்கத்தை மட்டும் கண்டிப்பாக மாற்ற வேண்டும். ஊரில் மாட்டு உண்ணியைப் பார்த்தவர்களுக்கு இந்த மான் உண்ணி கண்ணுக்கே தெரியாது. மே, ஜூனில் அதன் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். லைம் நோயைக் கொண்டுவருவது அதுதான். முழுக்கால் சட்டையை சாக்ஸுக்குள் செருகிக்கொண்டு போய், வந்ததும் முட்டிக்குப் பின்னால், அக்குள், இடுப்பு, தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் ட்வீசரால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்கவேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் கூடாது. ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. சில நாளில் வட்டமாகச் சிவந்து படர்ந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்று, வேலியோரம் மூன்று மூன்று இலையாகப் பளபளவென்று படரும் கொடியை வில்வம் என்று அம்மிச்சிகள் பூஜைக்குப் பறித்துவிடக்கூடும். அது பாய்சன் ஐவி. தொட்ட கை ஒன்றிரண்டு நாளில் கொப்புளித்து, இரண்டு மூன்று வாரம் அரிக்கும். பட்டுவிட்டது என்று தெரிந்த நிமிஷமே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரனிடம் தமிழ் பேசு என்று சொன்னால் பேசமாட்டான். தண்ணி கட்ட கூப்பிட்டால் வருவான், வாய்க்கால், வரப்பு, களைக்கொத்து என்று ஒவ்வொரு சொல்லாகத் தானாக ஒட்டிக்கொள்ளும். அவனுக்கென்றே உள்ள வேலை சுரைக்கு மகரந்தம் சேர்ப்பது. வெள்ளைப் பூ பொழுது சாய்ந்துதான் விரியும், பகல் தேனீக்கள் அதற்குள் கூடு திரும்பியிருக்கும். இரவில் வரும் பூச்சியும் போதாவிட்டால் பிஞ்சு பிஞ்சாகப் பழுத்து உதிரும். ஒல்லிக் காம்பில் நிற்பது ஆண் பூ, பூவுக்கடியில் விரலளவு சுரைக்காய் இருந்தால் பெண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாக உருட்டித் தடவவேண்டும். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். ஜூலையில் அந்த நேரம் ராத்திரி 8 மணி, காங்கேயத்தில் விடிகாலை 5:30. வாசல் தெளிக்க எழுந்த அப்பத்தாவை வீடியோவில் கூப்பிட்டு, “ஆத்தா, இது ஆம்பளைப் பூவுங்களா, பொம்பளைப் பூவுங்களா?” என்று காட்டிக் கேட்கச் சரியான நேரம்.