படகை எண்ணுவதற்கு முன்

மீன்வள மேம்பாட்டுத் திட்டம் என்று எந்த நாட்டு அறிக்கை கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது ஐஸைத்தான். எத்தனை படகு, எத்தனை குளம், எத்தனை டன் இலக்கு என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். வெப்பமான கடற்கரைகளில் ஒரு கிலோ மீனுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்ற பாலபாடம் மட்டும் பெரும்பாலும் இருக்காது.

படகைக் கூட்டினால் மீன் கூடும் என்ற கணக்கைத் தென் அமெரிக்காவின் பெரு நாடு நம்பிப் பார்த்தது. 1970இல் ஒரு கோடி டன்னுக்கு மேல் நெத்திலி அள்ளினார்கள். 1972இல் கடல்நீரைச் சூடேற்றும் எல் நினோ வந்ததும் எல்லாம் சரிந்தது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் பிடிக்க 1992இல் போட்ட தடை 2024இல்தான் நீங்கியது.

சரி, கடலில் முடியாததைக் குளத்தில் செய்வோம் என்கிறார்கள். நியாயம்தான். 2022இல் உலகின் மீன், இறால் உற்பத்தியில் பாதிக்கு மேல் வளர்ப்பிலிருந்தே வந்ததாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு சொல்கிறது. ஆனால் குளம் வெட்டுவது எளிது. நல்ல குஞ்சு கிடைப்பதுதான் கடினம். குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் அதிகம். ஒரே தாய்மீன் கூட்டத்தின் வாரிசுகளையே தலைமுறை தலைமுறையாகத் தமக்குள் இனச்சேர்க்கை செய்ய விட்டால் குஞ்சு பிழைக்கும், வளராது. வளர்ப்பவர் தீவனத்தைக் குறை சொல்வார், தீவனக்காரர் தண்ணீரைக் குறை சொல்வார். தாய்மீன் எங்கிருந்து வந்தது என்று பதிவேட்டைப் புரட்ட ஆள் இருக்காது. பல இடங்களில் புரட்டப் பதிவேடே இருக்காது. தண்ணீரும் லேசுப்பட்டதல்ல. இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து மூச்சு விடுவதால், விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் அடிமட்டத்தைத் தொடும். அந்த நேரத்தில் மின்சாரம் போய்க் காற்றூட்டி நின்றால் இலக்கும் டன்னும் வயிறு மேலாக மிதக்கும். குளத்துக்கு மானியம் தருகிறவர்கள் ஜெனரேட்டரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

நோய் இன்னொரு கதை. நார்வே தன் சால்மனுக்குத் தடுப்பூசி போட்டு, 1980களின் பிற்பகுதியில் உச்சத்தில் இருந்த ஆன்டிபயாடிக் பயன்பாட்டைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியது. சிலி நாடோ பண்ணைகளை நெருக்கி நெருக்கி அமைத்தது. 2007இல் சால்மன் இரத்தச்சோகை வைரஸ் தாக்கி, கூண்டுகள் காலியாகி, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்த பிறகுதான், பண்ணைகளை வட்டாரங்களாகத் தொகுத்து, அறுவடைக்குப் பின் ஒரே சமயத்தில் ஓய்வு விட வேண்டும் என்று அங்கே விதி எழுதினார்கள்.